முழங்கையோடு நின்ற அம்மாள்

“விலங்கு போடலாம் எண்டால் நான் இப்பவே போட்டிடுவன் அக்கா. ஆனா இதுக்குக் கையுமில்லை, காலுமில்லை. மூக்கு மட்டும்தான் கிடக்கு.”

கௌசலா அக்கா சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவா சிரிப்பது பெருநாளுக்குப் பெருநாள்தான். கிளிநொச்சியில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் ஒரு மேசை, மூன்று கதிரை, காற்றை விடச் சத்தத்தை அதிகம் தருகிற ஒரு ஃபான். அக்கா முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக அடிபட்ட வாகனங்களைத் தடவிப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவா. நான் ஸஜாத். ஓட்டோ என்னுடையது, வாய் என்னுடையது. மூளை அவாவுடையது என்று ஊரே சொல்லும், நான் மறுப்பதில்லை.

மேசையில் ஒரு உரப்பை விரித்திருந்தது. அதன் நடுவில் இளநீர் அளவில், மஞ்சள் பெயின்ற் அடித்த ஒரு பைபர் மூடி. தூர இருந்து ரிமோட்டால் ஓட்டுகிற சின்ன பிளேனின் மூக்கு அது. உள்ளே இருக்கிற எஞ்சினை மூடுகிற கவசம். அதைக் கொண்டுவந்த வீரபாகு ஐயா கதிரையில் முழுதாக இருக்கவும் மனம் வராமல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

“எம் மகன் செய்யலங்கம்மா. அவன் அப்படிப்பட்ட பய இல்ல. நீங்கதான் எப்படியாச்சும் கொண்டாந்து தரணும்.”

வீரபாகு ஐயாவின் குடும்பம் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியது. இத்தனை வருஷமாகியும் அவருடைய பேச்சு மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. அவருடைய மகன் யதுர்ஷன், நாச்சிக்குடாக் கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு பைபர் ஒட்டுகிறவன். மிஞ்சிய பைபரில் பிளேன் செய்வான். கச்சான் தோட்டத்தில் நிலக்கடலையைக் கிண்டக் கூட்டமாக இறங்கும் மயில்களைக் கலைக்க அதைவிட நல்ல சாமான் இல்லையாம்.

மூன்று நாளைக்கு முன்னால், அந்த பிளேன் குளக்கட்டில் மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுபோன கனகலிங்கத்தாரின் பிடரியில் அடித்துவிட்டது. மனுசன் கட்டிலிருந்து உருண்டு கீழே கல்லில் விழுந்து, இன்னமும் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். செய்தி கேட்டு ஓடிவந்த யதுர்ஷன், உடைந்த பிளேனை அள்ளி மடியில் வைத்து “என்ர பிளேன், என்ர பிளேன்” என்று அழுதிருக்கிறான். பொலிசுக்கு அது போதாதா? அந்த நேரம் நீ எங்கே நின்றாய் என்று கேட்டால் பையன் வாயைத் திறக்கிறானில்லை. கரையில் அன்று தனியாக வேலை செய்தவனுக்குச் சாட்சியுமில்லை. நாளைக்கு மறுபடியும் நீதிமன்றம். மற்ற உடைசல் எல்லாம் பொலிசின் கையில். இந்த மூக்கு மட்டும் தெறித்துப் பற்றைக்குள் கிடந்ததாம். தகப்பன் இன்று காலையில்தான் கண்டெடுத்திருக்கிறார்.

“எங்கிட்டகூடப் பேச மாட்டேங்குறான்மா. பேசாத புள்ளைய எப்படிக் காப்பாத்துறது?”

எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. ஃபானைப் பார்த்தேன்.

கௌசலா அக்கா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தா.

“ஐயா, இது பழசோ புதுசோ?”

“புதுசுங்கம்மா. பழசு வெடிச்சுப்போச்சு. இத அச்சுல ஊத்தி எடுத்து வச்சிட்டுத்தான் மகன் நாச்சிக்குடாவுக்கு வேலைக்குப் போனான். ஓட்டை எதுவும் வெட்டல. வந்து வெட்டிக்கிறேன்னான்.”

“சைலன்சர் வெளிய வாறதுக்கு வலப்பக்கத்தில ஒரு ஓட்டை இருக்கு. சரி. அதே அளவு ஓட்டை இடப்பக்கத்திலயும் வெட்டி, பிறகு உள்ளால பைபர் வைச்சு அடைச்சுக் கிடக்கு. ஏன்?”

“காது குத்தினவன் ரெண்டு பக்கமும் குத்திப்போட்டான் போல” என்றேன்.

“ஸஜாத், கீழ போ. ஓட்டோவுக்கு முன்னால நிண்டு அதின்ர வலப்பக்கக் கண்ணாடியில கை வை.”

இது என்ன கூத்து என்று நினைத்தபடி போனேன். ஓட்டோவுக்கு முன்னால் நின்று வலது கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்தேன். டயர்க் கடைப் பெடியன்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மேலே ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “உள்ள ஏறி இருந்து பார். அது எந்தப் பக்கம்?”

ஏறி இருந்தேன். அட அல்லாஹ்! அது இடப்பக்கக் கண்ணாடி. வருஷக்கணக்காக இந்த ஓட்டோவைத்தான் ஓட்டுகிறேன், கண்டீர்களா.

திரும்பி மேலே வந்ததும் அக்கா சொன்னா: “ஓட்டுறவன் உள்ளுக்க இருந்து வலம் இடம் சொல்லுவான். முன்னால நிண்டு பாக்கிறவனுக்கு அது மாறிப்போகும். முதல் ஓட்டையின்ர அளவு சரி, உயரமும் சரி, பக்கம் மட்டும்தான் பிழை. அளவு சொன்னது பிளேனை நல்லாத் தெரிஞ்ச ஆள். வெட்டினது, மூக்கைத் தன்ர பக்கம் திருப்பி மடியில வைச்சுக்கொண்டிருந்த வேற ஆள்.”

“அப்ப ரெண்டு பேரா?”

“ரெண்டு பேர். அளவு சொன்னவர் கிட்ட நிக்கேல்லை. நிண்டிருந்தால் வெட்டத் தொடங்கேக்கையே கையைப் பிடிச்சிருப்பார்.”

வீரபாகு ஐயா கும்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். நான் ஓட்டோச் சாவியை எடுத்தேன். மூடியை உரப்பையால் சுற்றச் சொன்னா அக்கா. பை கிழிசல் என்பதால் நான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, வழி முழுக்க மடியில் வைத்தே ஓட்டினேன். அக்கராயன் தாண்டுவதற்குள் என் கை அரிக்கத் தொடங்கியது.

“என்னடா சொறியிறாய்?”

“உங்கட புத்தி எனக்குள்ளயும் ஏறுது போல அக்கா. ஏறுற இடம் கடிக்குது.”

ஜெயபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதுதான் யதுர்ஷனின் பட்டறை. சுவரில் அவன் முன்பு செய்து கழித்த மூக்குகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் வெட்டு விளிம்பு வழுவழுவென்று அரத்தால் ராவியிருந்தது. பக்கத்தில் பிஸ்கற் பெட்டி மட்டைகள் ஒரு கட்டு, ஒவ்வொரு மட்டையிலும் ஒரு ஓட்டை, ஓரத்தில் காய்ந்த ரேப்.

அக்கா ஒரு மட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு உடைந்த ஒரு பழைய பிளேன் உடம்பில் அதை வைத்துப் பார்த்தா.

“கெட்டிக்காரன். மட்டையை உடம்பில ரேப்பால ஒட்டுறான். சைலன்சர் எங்க துருத்துதோ அங்க மட்டையில ஓட்டை போடுறான். பிறகு மட்டையைப் பின்னுக்கு மடிச்சுப்போட்டு, மூக்கைக் கொழுவி, மட்டையைத் திருப்பி மேல விட்டால் வெட்ட வேண்டிய இடம் தானாத் தெரியும். அளவும் தேவையில்லை, வலம் இடமும் தேவையில்லை. இப்பிடிச் செய்யிறவன் பக்கம் மாறி வெட்ட மாட்டான்.”

அக்கா குனிந்து பழைய மூக்குகளின் அடியைப் பார்த்தா. ஒவ்வொன்றின் அடியிலும் கை நுழைகிற அளவுக்குப் பெரிய திறப்பு. எங்கள் மஞ்சள் மூக்கின் அடியில் ஒன்றுமில்லை, மொட்டை.

“முன்னால காத்து உள்ள போகுது. போன காத்து எஞ்சினைக் குளிரப்பண்ணிப்போட்டு வெளிய வர வழி வேணுமே? இது புகைக்கூடு வைக்காத அடுப்படி. எஞ்சின் சூடேறி நடுவானத்தில நிண்டிருக்கு. அதுதான் பிளேன் பின்னால வந்ததைக் கனகலிங்கத்தார் கேக்கேல்லை.”

எனக்குப் புல்லரித்தது. கையோ முன்னையை விட மோசமாக அரித்தது. “அப்ப யதுர்ஷன் வெட்டவுமில்லை, பறக்க விடவுமில்லை! ஐயா, உங்கட மகன் வெளிய வாறான்! நாளைக்கு இந்த மூக்கை வைச்சே பொலிசின்ர மூக்கை உடைக்கிறம்!”

வீரபாகு ஐயா கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. நானும் கண்ணைத் துடைத்தேன், சொல்ல எனக்கென்ன வெட்கம்.

அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. அவா கொட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“ஐயா, இந்தக் கொட்டிலுக்கு வேற ஆர் வாறவை?”

“யாரும் வர மாட்டாங்கம்மா. நானே உள்ள வர்றதில்ல. அன்னிக்கு நான் பூநகரிக்குப் போயிட்டேன்.”

“அக்கா, முதல் கொஞ்சம் தண்ணி. என்ர கை நெருப்பாக் கிடக்கு” என்றேன்.

வீட்டு வாசலுக்குப் போனேன். நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டித் தொங்கியது. வீரபாகு ஐயா பின்னால் ஓடிவந்தார்.

“உள்ள போகாதீங்க தம்பி! மகளுக்கு அம்மா வந்திருக்கு. அன்னிக்கு ராத்திரியே கையெல்லாம் தடிச்சுப்போச்சு. பொலிஸ்காரங்ககூட வேப்பிலையப் பாத்துட்டு வாசலோட திரும்பிட்டாங்க.”

கொப்பளிப்பான் வந்தால் இந்தப் பக்கத்தில் அம்மாள் என்பார்கள். வேப்பிலை கட்டினால் வெளியாள் உள்ளே போகக்கூடாது. எங்கள் வீடுகளில் வேப்பிலை இல்லை, கதவைச் சாத்துவதோடு சரி. நான் நல்ல பிள்ளையாக மூன்று அடி பின்னால் வந்தேன். ஏற்கெனவே அரிக்கிற கைக்கு அம்மாளும் வேண்டுமா?

உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை செம்பில் தண்ணீரை நிலைப்படிக்கு வெளியே நீட்டினாள். பிரேமிளா. யதுர்ஷனின் தங்கச்சி. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்குத் தாதிப் படிப்புக்குப் போக இருக்கிறாள் என்று தகப்பன் வழியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நீட்டிய கை முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தது. அதற்கு அடியில் சிவந்து தடித்திருந்தது.

“எனக்குச் சின்னனில வந்து போனது, பயமில்லை” என்று சொல்லிக்கொண்டு அக்கா படியேறினா. “காட்டு பிள்ளை. கழுத்திலயும் இருக்கோ? முதுகில? வயித்தில?”

“முதுகில இல்லை அன்ரி.”

“கொப்பளம்?”

பிரேமிளா நீட்டிய செம்பைப் பின்னுக்கு இழுத்தாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. “ஸஜாத், இஞ்ச வா. கையை நீட்டு.”

“அக்கா, அம்மாள்...”

“வா எண்டால் வா.”

போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அந்தப் பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் வைத்தா. ஒரே சிவப்பு, ஒரே தடிப்பு. சட்டைக் கை முடிகிற இடத்தில் எனக்கும் நின்றிருந்தது, அவளுக்கும் நின்றிருந்தது.

“அம்மாளாச்சி முழங்கையோட நிண்டிட்டாவோ பிள்ளை?” அக்கா மெதுவாகத்தான் கேட்டா. “அவா சட்டைக் கை பாத்து வாறவா இல்லையே. இது பைபர்த் தூள். வெட்டினதைத் தூக்கிக்கொண்டு வந்த இவனுக்கே இப்பிடி எண்டால், வெட்டினவைக்கு எப்பிடி இருக்கும்?”

செம்பு விழுந்தது. தண்ணீர் என் காலில் ஓடியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. சற்று முன்னால் கொட்டிலில் நின்று துள்ளினேனே, அந்தத் துள்ளலை எங்கே கொண்டுபோய் ஒளிக்க?

பிரேமிளா அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

“மயில் முழுக்கக் கிண்டிப்போட்டுது அன்ரி. அப்பா இந்தக் கச்சானை நம்பித்தான்... அண்ணா வந்து வெட்டுறன் எண்டவர். நான்தான் பொறுக்காமல் போன் எடுத்து அளவு கேட்டன். வலப்பக்கம் எண்டவர். என்ர வலப்பக்கத்தில வெட்டிப்போட்டன். பிறகு அடைச்சு, மற்றப் பக்கம் வெட்டினன். ஏசுவாரெண்டு சொல்லேல்லை. கீழ திறப்பு வேணுமெண்டு எனக்குத் தெரியாது. நான் கேக்கவுமில்லை.”

“பறக்கேக்க?”

“எஞ்சின் நிண்டிட்டுது. மேல எழுப்பப் பாத்தன், எழும்பேல்லை. அந்த ஐயா போறது தெரியுது. கத்தினன். அவருக்குக் கேக்கேல்லை.” அவள் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணாட்ட சொன்னன். வீட்ட போ, வெளிய வராத, நான் பாக்கிறன் எண்டவர். கை தடிச்சதைப் பாத்து அப்பா அம்மாளெண்டு வேப்பிலை கட்டினார். நான் இல்லையெண்டு சொல்லேல்லை.”

வீரபாகு ஐயா படியில் அப்படியே குந்திவிட்டார்.

“மூணு நாளா அரைச்சுப் பூசுறேனே... ஆத்தா எம் மகள எடுத்துக்காதன்னு கும்பிட்டுக்கிட்டே பூசுறேனே.” பிறகு சட்டென்று அக்காவின் காலைத் தொடக் குனிந்தார். அக்கா பின்வாங்கினா. “அம்மா, நீங்க ஒண்ணும் பாக்கல. நான் உங்கள வரச் சொல்லல. போயிடுங்கம்மா.”

“போறன் ஐயா. நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள், நீங்கள் சொன்னால் போயிடுவன். ஆனா நாளைக்கு உங்கட மகனுக்குச் சொல்ல என்னட்ட வேற ஒண்டுமில்லை.”

அவர் திரும்பவும் படியில் குந்தினார்.

பிரேமிளா உள்ளே போனாள். கையைக் கழுவி, வேறு சட்டை மாற்றி, செருப்பைக் கொழுவிக்கொண்டு வந்தாள். “அண்ணாவை எடுக்கப் போவம்” என்றாள், சந்தைக்குப் போவம் என்கிற மாதிரி.

அக்கா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றா. “வடிவாக் கேள் பிள்ளை. இது வேணுமெண்டு செய்ததில்லை. நாங்களாப் போய்ச் சொல்லுறம். நல்ல வழக்கறிஞர் ஒருத்தரை எனக்குத் தெரியும். கனகலிங்கத்தார் கண் திறந்தால் அவரோடயும் கதைக்கலாம். தன்மையான மனுசன் எண்டுதான் எல்லாரும் சொல்லினம். உன்ர படிப்பையும் காப்பாத்தப் பாப்பம்.”

தகப்பனின் முகத்தில் ஒரு சொட்டு உயிர் வந்தது. அவரும் எழுந்து, வீட்டைப் பூட்டாமலே வந்து ஓட்டோவில் ஏறினார்.

வன்னேரிக்குளம் தாண்டியதும் என் போன் அடித்தது. என் மாமி மகள் றினோஸா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். கனகலிங்கத்தார் கண் திறந்தால் உடனே சொல்லு என்று காலையில் நான்தான் அவளிடம் சொல்லி வைத்தேன். காதில் ஹெட்போன் வயர் இருந்தது, ஓட்டிக்கொண்டே போனை எடுத்தேன்.

“ஸஜாத் காக்கா,” என்றாள். “அவர் மௌத்தாப்போனார். இப்பதான்.”

நான் ஓட்டோவை ஓரங்கட்டினேன். அக்காவை மட்டும் கூப்பிட்டு, ஒரு பாலை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தா. துடைத்ததையே திரும்பவும் துடைத்தா.

“என்ன செய்யிறது அக்கா?”

“தெரியேல்லையடா.”

எத்தனை வழக்கு அவாவோடு திரிந்திருக்கிறேன். அந்தச் சொல்லை அவா வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எவன் மேல் என்று கேட்டால் ஆளில்லை. மயிலின் மேலா கோபப்படுவது?

திரும்பினால் பிரேமிளா பின்னால் நின்றாள். எங்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலும்.

“செத்திட்டாரோ?”

அக்கா ஓம் என்று தலையசைத்தா. அந்தப் பிள்ளை தெருவோரத்தில் மண்ணில் இருந்துவிட்டது. பால்காரர் வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் என்று கேட்டாள். மனுசியும் கலியாணம் கட்டாத ஒரு மகளும் என்றேன். ஏன் சொன்னேனோ, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“பிள்ளை, காயம் வேற வழக்கு, உயிர் வேற வழக்கு” என்றா அக்கா. “இப்ப நீ திரும்பிப் போகிறாய் எண்டாலும் நான் ஒண்டும் சொல்ல மாட்டன். போவம் எண்டாலும் சொல்ல மாட்டன். சொல்லுற தைரியம் என்னட்ட இல்லை.”

“அதே வழக்கு அண்ணாக்கும்தானே அன்ரி?”

வீரபாகு ஐயா ஓட்டோவுக்குள்ளேயே இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அக்கா அவரிடம் போனா. வாயைத் திறக்கு முன்னரே அவர் இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்தார்.

“கேக்காதீங்கம்மா. ரெண்டு புள்ளைல எந்தப் புள்ளன்னு எங்கிட்ட மட்டும் கேக்காதீங்க.”

அவர் வேண்டாமென்றதற்காகவே அக்கா கேட்கவில்லை. பிரேமிளா எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஏறித் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். “எடுங்கோ அண்ணை” என்றாள் என்னிடம். தகப்பன் அவளுடைய சிவந்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் கிக்கரை இழுத்தேன்.

“தம்பி,” வீரபாகு ஐயா பின்னாலிருந்து கூப்பிட்டார். “மெதுவா போங்க.”

மெதுவாகத்தான் போனேன். சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார்கள், பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். நான் ஒருவருக்கும் திருப்பிச் சொல்லவில்லை. எவ்வளவு மெதுவாகப் போயும் கிளிநொச்சி வந்துவிட்டது.